சாப்பாட்டு மணி

அன்புள்ள மகாராணிக்கு,

யாருமே நம்பாத வரலாறு ஒன்றைச் சத்தியமாகச் சொல்கிறேன், கேள்.

குழந்தைகள் இல்லத்திலிருந்து நீ ஜோகுபாளையம் வந்த அன்று, ஐம்பத்தைந்து வயதில் அம்மாவான என் அண்ணி தொண்ணூறு வகை சமைத்தார். நீ தட்டையே தொடவில்லை.

"நம்மள இவளுக்குப் புடிக்கலடா" என்று அண்ணன் அழுததில் அல்சூர் ஏரி நிரம்பி வழிந்தது.

கடைசியில் நீதான் என்னிடம் கேட்டாய்: "சித்தப்பா, இங்க மணி அடிக்க மாட்டாங்களா?"

இல்லத்தில் மணி அடித்தால்தான் சாப்பாடாம்! அண்ணன் ஓடிப்போய்த் தன் சைக்கிள் மணியைக் கழற்றி வந்து அடித்தார். நீ சாப்பிட்டதில் கர்நாடகத்துக்கே அரிசிப் பஞ்சம்.

அவர்களை அம்மா அப்பா ஆக்கியதற்கு நன்றி, தாயே.

ஏரியும் பஞ்சமும் புளுகு. மணி மட்டும் நிஜம். நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகும், அதை அடிக்காமல் இருவரும் சோற்றில் கைவைப்பதில்லை.

இப்படிக்கு,
பொய்யே பேசாத உன் சித்தப்பா