பழுப்பு ஏறாத ஸ்லைடு

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதை மீறித்தான் எழுதுகிறேன். அவள் கல்லீரலில் ஒரு கட்டி. ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள், புற்றுநோய்தான். ஒரே இடத்தில் இருக்கிறது, அறுத்து எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். பரவியிருக்குமோ என்றுதான் எனக்குப் பயம்.

அந்தச் சதை வேறு எங்கே போகும், நான் வேலை பார்க்கும் லேபுக்குத்தான் வந்தது. எங்களிடம் பெயர் வராது, எண் மட்டும்தான். அவள் எண் எனக்குத் தெரியும். வேறு யாரிடமாவது கொடுத்திருக்க வேண்டும், மனசு கேட்காமல் நானே எடுத்துக்கொண்டேன். செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் புரதம் ஒன்று உண்டு, அது இருந்தால் நாங்கள் அடுத்தடுத்து விடும் மருந்துகளில் செல்லின் ஓரம் பழுப்பாகும். அது குறைந்துபோனால் செல்கள் பிடி விட்டு ரத்தத்தோடு கிளம்பி வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிடக் கூடும். ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். பழுப்பு பேருக்குக்கூட இல்லை, எல்லாம் கடைசியில் ஏற்றும் சாயத்தின் நீலம். அவள் எண்தானா என்று மறுபடி மறுபடி பார்த்தேன் சிட்டு.

வெகுநேரம் கழித்துத்தான் ஸ்லைடின் மறு ஓரத்தைப் பார்க்கத் தோன்றியது. சரிபார்க்க நல்ல கல்லீரல் சதையும் கொஞ்சம் அதே கண்ணாடியில் வைப்போம், அதில் பழுப்பு வந்தே தீர வேண்டும். அதிலும் வரவில்லை. பயத்தில் முதல் மருந்தை விடவே மறந்திருக்கிறேன். செய்த வேலை பாழ் என்று தெரிந்து சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. லேப் டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். திட்டவில்லை. இந்த ஒரு நிறத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்று உங்களுக்கே தெரியும், இனி இதைத் தொடாதீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்றார். தெரியும்தான், தெரிந்து என்ன செய்ய.

ஸ்லைடு விஷயம் அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஊரில் உள்ளவர்களின் ஈரலையெல்லாம் கண்ணாடியில் ஒட்டின மனுஷன் பெண்டாட்டி ஈரல் என்றதும் ஏன் இப்படி முழிக்கிறீர்கள் என்று கிண்டல் செய்கிறாள். நேற்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தாள், வெளியே வந்து, முகம்தான் கழுவினேன் என்றாள்.

மறுபடி போட்ட ஸ்லைடை நாளைக் காலை பார்க்கிறார்கள். அதற்கு முன்பே இதைத் தபாலில் சேர்த்துவிடுவேன். நல்லபடியாக வந்துவிட்டால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்னாலும் கேட்காதே. வந்துவிடு.

மூவரும் நீடூழி வாழ ஆசீர்வாதம். போனில் அம்மாவிடம் எதையும் காட்டிக்கொள்ளாதே. குழந்தைக்குச் சளி என்றாயே, தலை ஈரம் போகத் துவட்டு.

பயந்துபோயிருக்கும்,
உன் அப்பா