மேபலின் கோணல் காற்று

ஏட்டி மேபல்,

எங்கே இருந்தாலும் முதலில் இதைக் கேள். புதுக்கடைப் பக்கத்து முந்திரி ஆலையில், அதுதான் நம் அண்டி ஆபீஸில், உன் அடுப்பு எரிகிறது. புகையில்லாமல் எரிகிறது.

முந்திரிக்கொட்டையின் தோட்டை எரித்தால் எழும் கறுத்த புகை உனக்குத் தெரியாததா? அந்தப் புகைக்குள் உட்கார்ந்து கொட்டை உடைத்துத்தான் உன் அம்மை உன்னைப் படிக்க வைத்தார். அதை ஒழிக்கவென்றே நீ வேதிப் பொறியியலுக்கு வந்தாய். நானோ கோட்டாற்றில் வாப்பாவின் கடையில் உட்கார மனமில்லாமல் வந்தவள். ஆய்வகத்தில் நம் இருவருக்கும் ஒரே மேசை வாய்த்தது.

மணலுக்கு அடியிலிருந்து காற்றை ஊதினால் மணல் கஞ்சி போலக் கொதிக்கும். சூடான அந்த மணலுக்குள் புதைந்து எரிந்தால் தோடு புகையாது. ஆனால் எடை குறைந்த தோடு மேலேயே மிதந்து அரைகுறையாக எரிந்தது. மணலையும் தோட்டையும் எப்படிக் கலக்க வைப்பது என்பதுதான் நம் ஆராய்ச்சி முழுவதும். கண்ணாடித் தொட்டிக்குள் தோடு போகும் வழி தெரியவேண்டும் என்று தோட்டுக்கு நெயில் பாலிஷ் பூசினோமே, நினைவிருக்கிறதா? "இத்தன வாங்குதியளே, கல்யாண வீடா பிள்ளே?" என்று வடசேரிக் கடைக்காரர் கேட்டார்.

எல்லோரும் காற்றைச் சீராக ஊதச் சொன்னார்கள். நீ மட்டும் கேட்கவில்லை. "ஒரு பக்கம் கூட்டி ஊதணும் மக்கா. அங்க மணல் ஏறும், இந்தப் பக்கம் எறங்கும். எறங்குத பக்கம் தோட்டப் போட்டா மணலே இழுத்துட்டுப் போவும்," என்றாய். சிரித்தார்கள். கோணல் காற்று என்று பெயரும் வைத்தார்கள். தொட்டியில் அது வேலை செய்தது. பெரிய அடுப்பிலும் செய்யுமா என்று பார்ப்பதற்குள் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. என்ன அவசரம் உனக்கு?

அடுப்பை நான் கட்டி முடித்தேன். முதல் ஓட்டத்திலேயே தோடு மிதந்தது. ஆலை முழுக்கப் புகை. "பழைய அடுப்பே போதும், இதப் பிரிச்சிருவோம்," என்றார் முதலாளி. உன் கணக்குத் தப்பா, அல்லது நான்தான் எங்காவது கோட்டைவிட்டேனா?

குனிந்து அடுப்பின் அடியில் பார்த்தால், இரண்டு பக்கத்துக் காற்று வால்வுகளும் ஒரே அளவில் திறந்திருந்தன. அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ராஜையன் அண்ணனிடம் கேட்டேன்.

"ஒரு பக்கம் காத்து ஜாஸ்தியா கெடந்துது மேடம். நீங்க கவனிக்கல்லண்ணு நெனச்சு நாந்தான் சமமாக்கி வச்சேன்."

முகத்தில் அத்தனை அக்கறை. திட்ட வாயெடுத்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று கோணலாகத் தெரிந்தால் கை சும்மா இருக்காதே.

முதலாளியிடம் கெஞ்சி இன்னொரு ஓட்டம் வாங்கினேன். வால்வுகளை நீ சொன்னபடி வைத்தோம். அடுப்பின் சிறு துளை வழியே பார்த்தேன். மணல் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் சரிந்து, போட்ட தோட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே போனது. வெளியே ஓடிவந்து புகைபோக்கியைப் பார்த்தேன். அதற்கு மேலே வெறும் வானம்தான் இருந்தது. பெருமை தாங்காமல் அழுதுவிட்டேன் மேபல். அன்று சிரித்தவர்கள் இன்று பார்க்க வரலாமா என்று கேட்கிறார்கள். வரச் சொல்லியிருக்கிறேன், டீயும் கொடுப்பேன்.

நேற்று உன் அம்மை வந்தார். துளை வழியே வெகுநேரம் பார்த்தார்.

"இது எனக்க மொவ நெனச்சதா பிள்ளே?"

"ஆமா அம்மை. அவ நெனச்சதுதான்."

வால்வைச் சமமாக்கிய கதையையும் சொன்னேன். நேராக ராஜையன் அண்ணனிடம் போனார். "ஏ ராஜையா, இனி இதச் சமமாக்கணும்ணு கையக் கொண்டு போனியோ, அண்ணைக்கு நான் ஒன்னப் பாத்துக்கிடுவேன்," என்றார். அண்ணன் வால்வை விட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

இனி நான் கட்டும் ஒவ்வோர் அடுப்பிலும் காற்று நீ சொன்னபடியே ஊதும். யாருடைய யோசனை என்று கேட்டால் உன் பெயரைத்தான் முதலில் சொல்வேன். இது சத்தியம்.

உன் அம்மைக்கு இப்போது இளைய மகளான,
நஸீமா