காமெலியா விருந்துக்கு நாற்பத்தொரு பெட்டி

குன்னூர்
2.12.1978

அன்பு மனைவி கைருன் பீவிக்கு சலாம். நலம், நலமே நாடுகிறேன்.

இங்கே குளிரில் காமெலியா என்று ஒரு பூ பூக்கிறது. ஜனவரி ஆறாம் தேதி ஊரே கூடி அந்தப் பூவுக்காகத் தேநீர் விருந்து வைக்கிறார்கள். கேக், பஜ்ஜி எல்லாம் என் சமையல்தான். வருகிறவர்கள் ஆளுக்கொரு பூ கொண்டுபோக, நம் ஊர் ஓலைப் பெட்டி நாற்பது வேண்டுமாம். கூடவே, சிவப்பு விளிம்பு வைத்த மூடிப் பெட்டி ஒன்றும் முடைந்து அனுப்பு.

அப்துல் லத்தீப்

பழவேற்காடு
9.12.1978

அன்புள்ள மச்சானுக்கு கைருன் எழுதுவது. சலாம்.

நாற்பது பெட்டி புரிகிறது. அந்த ஒன்று யாருக்கு? நம் வீட்டில் சிவப்பு விளிம்புப் பெட்டியில் சர்க்கரை வைத்துப் பெண் வீட்டில் கொடுத்தால் சம்பந்தம் உறுதி. பெட்டி திரும்பினால் முறிந்தது. உங்கள் அம்மா எனக்குக் கொடுத்த பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது. மறந்துவிட்டதா?

நோன்புப் பெருநாளுக்கு வரவில்லை. பக்ரீத்துக்கும் வரவில்லை. கருவாடு விற்க அங்கே போய்வந்த அமீர் ஜான், "இன்னா அண்ணி, அண்ணன் அத்தர் பூசிக்கினு புதுமாப்பிள்ள கணக்கா சுத்தறாரு!"னு சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கைருன்

குன்னூர்
16.12.1978

கைருனுக்கு,

உன் சந்தேகத்துக்கு மருந்தே கிடையாது. அமீர் ஜான் பேச்சை ஒரு பேச்சென்று எழுதுகிறாயே! முதல் பரிசு வாங்கும் பூவை வைக்கத்தான் அந்தப் பெட்டி. இவர்களுக்கு நம் வழக்கம் என்ன தெரியும்? சிவப்பு அழகு, அவ்வளவுதான். சீக்கிரம் அனுப்பு. அடி நெருக்கமாக இருக்கட்டும், சர்க்கரை சிந்தக் கூடாது.

லத்தீப்

பழவேற்காடு
24.12.1978

மச்சானுக்கு,

பூவுக்கு எதற்குச் சர்க்கரை என்று கேட்க மாட்டேன். கேட்டால் இன்னொரு பொய் எழுத உங்களுக்குத் தாள் செலவாகும்.

நாற்பத்தொன்றையும் பொன்னேரி ஸ்டேஷனில் பார்சல் போட்டுவிட்டேன். சிவப்பு விளிம்புப் பெட்டிக்கு இரட்டை அடி வைத்திருக்கிறேன். ஒரு பொட்டு சிந்தாது.

கைருன்

குன்னூர்
12.1.1979

கைருன் அக்காவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் கரீமா. இங்கே தையற்கடை வைத்திருப்பவரின் மகள். விருந்துக்கு மேசைத் துணி தைத்துக் கொடுத்தோம்.

அன்று சாயங்காலம் எல்லாரும் டீ குடிக்கும்போது, உங்கள் வீட்டுக்காரர் அந்தப் பெட்டி நிறையச் சர்க்கரை வைத்து, மேலே ஒரு காமெலியாவும் வைத்து, என் வாப்பா கையில் கொடுத்தார். "எங்க அக்கா முடைஞ்சது. எங்க வழக்கம் இதுதான்"னு சொன்னார். வாப்பா சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அக்கா. பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டில் சர்க்கரையைக் கொட்டும்போது அடி தடிப்பாக இருந்தது. பிரித்தேன். இரண்டு ஓலைக்கும் நடுவில் உங்கள் சீட்டு. "இதை முடைந்தவள் அப்துல் லத்தீபின் மனைவி கைருன் பீவி, பழவேற்காடு, பெரிய பள்ளிவாசல் தெரு."

வேண்டாம் என்றால் பெட்டியைத் திருப்ப வேண்டுமென்று அவரே சொல்லியிருந்தார். அவரிடம் கொடுக்க மனசு வரவில்லை. முடைந்தவருக்கே அனுப்புகிறேன்.

கரீமா

பழவேற்காடு
20.1.1979

அப்துல் லத்தீப் அவர்களுக்கு,

அந்தப் பெண் பெட்டியை எனக்கு அனுப்பிவிட்டாள். நல்ல பிள்ளை.

நானும் பரணில் இருந்ததை இறக்கித் துடைத்தேன். பன்னிரண்டு வருஷமாகியும் விளிம்பின் சிவப்பு போகவில்லை. இத்துடன் அதை அனுப்பியிருக்கிறேன். பிரித்துத் தேட வேண்டாம். இது உங்கள் அம்மா கொடுத்தது, ஒற்றை அடிதான்.

கைருன் பீவி