கழுத்தால் மூச்சு விட்டவளுக்கு

ஏளா மெர்சி, என் செல்ல நாத்தனாரே,

உங்க அண்ணன் மறுபடி கப்பலேறிட்டாங்க. வீடு சத்தமில்லாமல் கிடக்கு. போன வாரம் உன் அலமாரியிலிருந்து அந்தப் பழைய விஞ்ஞானக் கதையை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்தேன். வேறொரு கிரகத்தின் கடலுக்கடியில் வாழ்வதற்காக மனுசருக்குச் செவுள் வைத்து அனுப்புவார்களே, அதுதான்.

முன்னே நீதான் அதை இங்கிலீஷில் படித்து எனக்குத் தமிழில் சொல்லுவாய். பள்ளிக்கூடத்தில் பயாலஜி நடத்துகிற அதே கணீர்க் குரல். "உடம்பையே மாத்திட்டா அவன் மனுசனாளா?" என்று கேட்பேன். "பசிச்சா அம்மாவைத் தேடுதான்லா, மனுசன்தான் மைனி" என்பாய்.

பிறகு புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சுக்குக் கழுத்தில் துளை வைத்தார்கள். கண் விழித்ததும் உதட்டை அசைத்தாய். புரியவில்லை. மறுபடி அசைத்தாய். "செவுள் வச்சிட்டாங்க." நான் அழுதேன். நீ சத்தமில்லாமல் சிரித்தாய்.

ஆனால் கதையில் செவுள் வைத்தவனுக்குக் கடல் கிடைத்தது. உனக்கோ கடல் போயிற்று. துளையில் தண்ணீர் ஏறினால் நேரே நெஞ்சுக்குள் போய்விடும், அலைப்பக்கம் போகாதே என்றார் டாக்டர். இந்தத் தூத்துக்குடிக் கடலில் நீந்தி வளர்ந்தவளிடம்!

ஒரு சாயங்காலம் என் கையை உதறிவிட்டு முழங்கால் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாய். "ஏளா, வா இங்கன!" கத்தினேன். நீ திரும்பவில்லை. சேலையோடு ஓடிவந்து, கடலுக்கு முதுகு காட்டி உனக்கு முன்னால் நின்றேன். அலையெல்லாம் என் முதுகில் அடித்தது. "இன்னும் கொஞ்ச நேரம் மைனி" என்றது உன் உதடு. நின்றோம்.

அந்த நோயே திரும்ப வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது படிக்கும்போது ஒன்று உறைக்கிறது. கதையில் எல்லாரும் போகிறவனின் மூச்சைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். அவனோடு பழகினவர்கள் என்ன ஆவார்கள்? உன் உதட்டைப் படிக்க என் கண் பழகிவிட்டது. எதிரில் யாருமில்லை. டிவியில் செய்தி வாசிக்கிறவளின் சத்தத்தை நிறுத்திவிட்டு, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பைத்தியமாளா எனக்கு?

நேற்று ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தாள். குலசேகரன்பட்டினத்துப் பெண் ஒருத்திக்கு உனக்குச் செய்த அதே ஆபரேஷனாம். யார் முகத்தையும் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருக்கிறாளாம். "வந்து பேசுதீங்களா அக்கா?" என்றாள்.

என்ன பேச, மெர்சி? தெரியவில்லை. ஆனாலும் நாளைக்குப் போகிறேன். அவள் இந்தப் பக்கம் திரும்புகிறவரை கட்டிலருகே உட்கார்ந்திருப்பேன். உதட்டை அசைத்தாளானால், முடிக்கிறவரை குறுக்கே பேசமாட்டேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

உன் மைனி,
ரூத்