தாய் யீ கோபப்படாது

மெல்பர்ன், 1978, வசந்தம்

உடன்பிறக்காத என் தம்பி லிம்முக்கு,

வெயில் தலைகாட்டத் தொடங்கிவிட்டது. உன் வீட்டுப் பிளம் மரம், நீ இல்லை என்பதைக் கவனிக்காமல் பூத்திருக்கிறது. போன வாரம்வரை கமலா அதைப் பார்க்கவில்லை. குளிர்காலத்தில், காய்ந்த துணியை எடுக்கத் தோட்டத்துக்குப் போன நீ அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாயே, அன்றிலிருந்து உன் மனைவி அந்தக் கதவைத் திறக்காமலே இருந்தாள்.

நம்மை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஈப்போவில் ஒரே பள்ளியில் நான் தமிழும் நீ கணக்கும் நடத்தினோம். தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த சீனன் நீ. கமலாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாய். ஓய்வு பெற்றபின் என் மகனோடு நானும் வந்து சேர்ந்தேன்.

போன ஞாயிறு கமலாவைப் பார்க்கப் போனேன். தேநீரை வைத்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சரக்கா, சீனப் புத்தாண்டுக்கு ஊதுபத்தி கொளுத்தல. நாந்தான் வேணாம்னேன். அன்னிக்கு அடிச்ச வெயிலுக்கு, காடு பத்திக்கும், வெளிய நெருப்பே மூட்டக்கூடாதுன்னு ரேடியோல சொன்னான். அந்தத் தாய் கோவிச்சிக்கிட்டா. அதான் அவரக் கொண்டு போயிட்டா."

"எந்தத் தாய்?"

"அவரு கும்பிடுவாரே, தாய் யீ."

உங்கள் தாவோ மரபில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது தாய் யீ. சீனத்தில் 'பெரிய ஒன்று' என்று பொருள். நம் காதில் விழுவதோ தாய். இத்தனை ஆண்டுகளாக அவள் மாரியம்மனைப்போல ஒருத்தியை நினைத்திருக்கிறாள். நீ திருத்தவே இல்லையா, லிம்? அவள் சொல்லும் அழகுக்காக விட்டுவிட்டாயா?

எனக்கு நீ விளக்கியது நினைவிருந்தது. ஒரு மாலை உன் கறுப்புக் குடையை விரித்துச் சுழற்றி, ஈப்போக்காரர்களின் 'லா'வோடு சொன்னாய்: "கம்பியெல்லாம் சுத்துது, நடு அப்படியே நிக்குதுலா அக்கா. வானமும் இப்படித்தான் சுத்துது. சீனாவுல அந்த நடுவுல துருவ நட்சத்திரம் இருக்கும். தாய் யீ அங்கதான்னு சொல்வாங்க. இங்க தெக்க அந்த நட்சத்திரம் தெரியாது, வானத்துக்கு நடுவுல காலி!"

"அப்போ உங்க சாமிக்கு ஆஸ்திரேலியா விசா கிடைக்கலையா?" என்று சீண்டினேன்.

"அவரு இல்லலா, அது. அதுக்கு முகம் இல்ல, காது இல்ல. ஹெட்மாஸ்டர்கிட்ட லீவு கேக்கலாம். சாயங்காலத்துக்கிட்டக் கேக்க முடியுமா?"

தமிழ் டீச்சர் நான். கடவுளை அஃறிணையாக்கினால் பொறுப்பேனா? அன்று உன்னோடு மல்லுக்கு நின்றேன்.

ஞாயிறன்று அதே குடையை எடுத்துக் கமலாவின் முன்னால் சுழற்றினேன். உன் சொற்களையே சொன்னேன். பத்தி கொளுத்தினாலும் கொளுத்தாவிட்டாலும் சாயங்காலம் வரும். யாரையும் தண்டித்துக் கொண்டுபோக அதற்குக் கோபமே கிடையாது.

"அப்ப என் மேல தப்பு இல்லியா?"

"இல்லம்மா."

அழுது ஓய்ந்தாள். பிறகு திடீரென்று நிமிர்ந்தாள். "காது இல்லன்னா நான் யார்கூட சண்ட போடறது, டீச்சரக்கா? இத்தன நாளா அந்தத் தாயத் திட்டித் திட்டித்தான் எனக்குச் சோறு எறங்குச்சு."

இதற்கு உன்னிடம் உதாரணம் இருந்திருக்குமா, தம்பி? "என்னைத் திட்டு" என்றேன்.

அவள் காத்திருக்கவில்லை. "டீச்சருங்க புத்தியே இதான்! வீட்டுக்குள்ள எவளாவது குடைய விரிப்பாளா? போங்க, வெளிய போய்ச் சுத்துங்க!" என்று எழுந்துபோய்த் தோட்டத்துக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

திறந்தபின்தான் என்ன செய்தோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. வாசற்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒற்றைக் கம்பத்தின் மேல் குடைபோல் விரிந்த உங்கள் துணிக்கொடி காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. உன் சட்டை ஒன்று அதிலேயே வெளுத்துப்போயிருந்தது. கமலா போய் அதை எடுத்து மடித்தாள். பிளம் மரத்தையும் பார்த்தாள். "இது வேற பூத்துக் கெடக்கு" என்று அதையும் திட்டினாள்.

அதற்கும் காது இல்லை, தம்பி. எனக்கு இரண்டு இருக்கின்றன. இனி ஞாயிறுதோறும் அவளிடம் கொண்டுபோகிறேன்.

உனக்கு வரவேண்டிய திட்டையும் சேர்த்து வாங்கும்,
உன் சாரதா அக்கா