மன்னி தனியாக ஏறிய மலை

மன்னி,

நேற்று ஆபீஸ் முடிந்து கழக்கூட்டம் ஸ்டாப்பில் பஸ் ஏறினேன். கிழக்கேகோட்டை வருவதற்குச் சற்று முன்னால், பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். அந்த நெடி ஏறியதும் தும்மலோடு சேர்ந்து நீங்களும் வந்துவிட்டீர்கள்.

சாலைக் கடைத்தெருவில் நீங்கள் மூக்குப்பொடி வாங்கிய அழகு இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைக்காரர் மரியாதையாக, "மாமாவுக்கோ?" என்றார். "இல்லை, அட்டைக்கு" என்றீர்கள். மனுஷர் உங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டினார். சாக்ஸில் பொடியைத் தடவிக்கொண்டால் காட்டு அட்டை கிட்டே வராது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருந்தார்கள். அட்டைகளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சிகிச்சை முடிந்து உங்களுக்குத் தலைமுடி மறுபடி வளரத் தொடங்கியிருந்த சமயம் அது. வீட்டில் உங்களை ஒரு செம்புத் தண்ணீர் தூக்க விடவில்லை. அண்ணா உங்கள் செருப்பைக்கூட எடுத்து வைத்தார். பாவம், அவருக்குத் தெரிந்த அன்பு அதுதான். உங்களுக்கோ மூச்சு முட்டியது. ஒருநாள் நான் துணி காயப்போடும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள்: "பொன்முடி போற வழியில எஸ்டேட்டுக்குப் பின்னாடி ஒரு மலை இருக்கு, ஓர்மை இருக்கோ? பேரும் கிடையாது, வழியும் கிடையாது. ஒரு தடவை அதுல ஏறணும்டி. என் காலால."

நம் தெருவில் வெளியே கிளம்புகிறவர்களிடம் 'எங்கே' என்று கேட்கக் கூடாது. அண்ணாவும் கேட்கவில்லை. "தூரமா?" என்று மட்டும் கேட்டார். "கொஞ்சம் தூரமாக்கும்" என்றீர்கள். உடம்பில் நல்ல புடவை, கையில் தயிர் சாதம். ஏதோ கோயில் பிரார்த்தனை என்று நினைத்துக்கொண்டார். சல்வாரும் ஷூவும் என் பையில் இருந்தன. போகும் இடத்தை வீட்டில் ஒரு ஜீவனுக்கும் சொல்லாமல், சம்பிரதாயம் மட்டும் கெடாமல், காட்டுக்குள் நுழைந்தோம் நாம் இருவரும்.

எஸ்டேட் கேட்டில் இருந்த வாட்ச்மேன் செங்கோட்டைப் பக்கத்துக்காரர். "கூப்பு ரோடு வரைக்கும் போலாம்க்கா. அதுக்கு மேல வழி கெடையாது, கேட்டீங்களா" என்றார். மரம் வெட்ட ஏலம் விட்ட காட்டுக்குத்தான் அங்கே கூப்பு என்று பெயர். லாரி போய்வந்த அந்தப் பாதை ஒரு வளைவில் சட்டென்று நின்றுபோனது.

காட்டை வெட்டினால் வெட்டவெளியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பெரிய மரங்கள் போனதும் வெயில் உள்ளே இறங்கி, ஈற்றை என்கிற நாணல் மூங்கிலும் உண்ணிமுள்ளும் ஆளுயரம் வளர்ந்து, கை நுழைக்க இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றன. எடுக்காமல் விட்டுப்போன மரத்தடிகள் கொடிக்கு அடியில் உளுத்துக் கிடந்தன. மிதித்தால் முழங்கால் வரை உள்ளே போனது. ஒரு பெரிய அடிமரத்தைச் சுற்றிப் புதுத் தளிர் விட்டிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே விரலை நீட்டினீர்கள். "இதைக் காட்டி எனக்கு ஆறுதல் சொன்னே, உதைப்பேன். ஆஸ்பத்திரியில எல்லாரும் இப்படித்தான் பேசறா."

உச்சிப் பாறை கண்ணுக்குத் தெரிந்தபோது என் கால் பிசகியது. நோயாளி நீங்கள், நடக்க முடியாமல் உட்கார்ந்தது நான்! போனில் சிக்னல் இல்லை.

"நீ இங்கேயே இரு. நான் மேலே போயிட்டு வந்துடறேன்."

"மன்னி, பைத்தியமா? நீங்க எங்கேயாவது விழுந்தா யாருக்குத் தெரியும்? அண்ணாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

உங்கள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன். நீங்கள் அதை உதறவில்லை. "ஒரு வருஷமா எல்லாரும் என்னைப் பிடிச்சுண்டே இருக்கா. நீயாவது விடேண்டி" என்றீர்கள்.

விட்டேன். மனசில்லாமல்தான் விட்டேன். கொஞ்ச நேரம் ஈற்றை முறியும் சத்தமும், நடுநடுவே நீங்கள் கூவுவதும் கேட்டன. நானும் பதிலுக்குக் கூவினேன். பிறகு என் குரல் மட்டும்தான். நமக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் சொல்லித் தீர்த்தேன். உங்களைத் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன். அப்போதுதான் மேலேயிருந்து ஒரு கூவல் வந்தது. அத்தனை பெரிய குரல் உங்களிடம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

நீங்கள் இறங்கி வந்ததும், "மேலே என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"ஒரே மேகம். ஒரு மண்ணும் தெரியலை. ஆனா ஒருத்தரும் ‘மெதுவா, மெதுவா’ன்னு சொல்லலை, கேட்டியோ!"

உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி இறங்கினேன். வீட்டில் கேட்டதற்கு, கோயில் போகும் வழியில் முள்ளுப்புதரில் விழுந்துவிட்டோம் என்று சொல்லிவைத்தோம்.

நோய் திரும்பி வந்தபோது டாக்டர் இன்னொரு சுற்று மருந்து சொன்னார். நீங்கள் "போதும்" என்றீர்கள். அண்ணா அழுதார், கெஞ்சினார், கடைசியில் என்னை அனுப்பினார்: "நீ சொன்னா கேப்பா. சொல்லு." உள்ளே வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் என்னையே பார்த்தீர்கள். நான் சொன்னது, "சரி மன்னி" என்பது மட்டும்தான். வெளியே வந்து, "மன்னி பயந்துண்டு சொல்லலை அண்ணா, தீர்மானம் பண்ணிட்டா" என்றேன். நீங்கள் போன பிறகும் ரொம்ப நாள் அண்ணா என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அது எனக்கு வலித்தது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணா என் வீட்டுக்குக் காலைக் காப்பிக்கு வந்துவிடுகிறார். மலைக்குப் போனதை ஒருநாள் நானேதான் சொன்னேன். கோபிக்கவில்லை. அதிலிருந்து வரும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்: "இறங்கி வரச்சே அவ எப்படி இருந்தா?" முகமெல்லாம் ஈற்றை கீறிய கோடு, குட்டை முடியில் சருகு, கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம், அதோடு ஒரு சிரிப்பு. எதையும் விடாமல் சொல்கிறேன். அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதானே.

போன வாரமும் சொன்னேன். கேட்டு முடித்துக் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்பச் சிரிச்சாளா?" என்றார்.

"ரொம்ப" என்றேன்.