கல்லில் இடம் இருந்தது

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
கார்த்திகை 18, செவ்வாய்

அன்பு மகள் லக்சிகாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் குழந்தையும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். ரெலிபோனில் பாதி சொல்லும்போதே நீ பிரெஞ்சில் குறுக்கிடுவாய், எனக்குக் கோபம் வரும். கடிதத்தில் முழுவதும் சொல்லி முடிக்கலாம்.

நாம் கதைத்து இரண்டு வருடமாகிறது. பிழை என்னுடையது என்கிறார்கள். உன் கல்யாணக் கார்ட்டில் ஒரு பக்கம் பிரெஞ்சு, மறுபக்கம் சீனம். தமிழ் எங்கே என்று கேட்டேன். இடம் போதவில்லை அப்பா என்றாய். பன்னிரண்டு வருடம் சனிக்கிழமை தோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போனவனுக்கு அந்தப் பதில். நான் கல்யாணத்துக்கு வரவில்லை. அது பிழை என்று இன்றும் எழுத மாட்டேன்.

ஆனால் சும்மா இருக்கவும் இல்லை. உன் கணவரின் ஆட்களிடம் ஒருநாள் நியாயம் கேட்க வேண்டிவரும் என்று சீனரின் பழைய வியாபாரத்தைப் படிக்கத் தொடங்கினேன். நூலகத்தில் அகராதியோடு நாளுக்கு நாலு பக்கம். முப்பது வருடம் ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவியவனுக்குச் சீனக் கோப்பையின் பெருமையை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மற்றதெல்லாம் புதிது.

அவர்களின் பட்டு தரைவழியே ரோமாபுரி வரை போனது. ஆனால் ஒரே வியாபாரி முழுவழியும் போகவில்லை. ஒவ்வொருவனும் தன் துண்டு வழியை நடந்து, அடுத்தவனிடம் விற்றுவிட்டுத் திரும்பினான். உனக்குப் பிள்ளை பிறந்த செய்தியும் எனக்கு அப்படித்தான் வந்தது. நீ உன் மச்சான் துஷ்யந்தனுக்குச் சொல்ல, அவன் லாச்சப்பல் தமிழ்க் கடையில் சொல்ல, கடைக்காரர் கீழ்வீட்டு ஞானம்மாவுக்குச் சொல்ல, ஆறாம் நாள் அவர் படியில் வைத்து எனக்குச் சொன்னார். ஆணா பெண்ணா என்பது வழியில் எங்கோ விழுந்துவிட்டது. நானும் கேட்கவில்லை.

கடல்வழியில் வந்த கதை வேறு. அறுநூறு வருடத்துக்கு முன் ஒரு சீனத் தளபதி பெரிய கப்பல்களோடு இலங்கைக்கு ஒரு கல்லைக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் அது காலி நகரில் கிடைத்தது. அதில் மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தேனாவரை நாயனார் என்ற விஷ்ணுவுக்கும் காணிக்கை எழுதியிருக்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. வாசித்ததும் நூலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன். சீனப் பேரரசனின் கல்லில் தமிழுக்கு இடம் இருந்தது, என் மகளின் கார்ட்டில் இல்லை! உன் மாமனாருக்கு இதைப் பிரெஞ்சில் மூன்று பக்கம் எழுதியும் வைத்தேன்.

சென்ற சனிக்கிழமை உன் கணவர் வந்தார். அம்மா போன பிறகு என் வீட்டு மணியை அடிப்பவர் தண்ணீர் மீற்றர் பார்ப்பவர் மட்டும்தான். கதவு ஓட்டையால் பார்த்தேன். கையில் ஒரு பெட்டி, ஒரு துண்டுக் கடதாசி. வீட்டில் ஆளில்லை என்று நினைத்துப் போகட்டும் என்று மூச்சை அடக்கி நின்றேன். அவர் போகவில்லை. மூடிய கதவைப் பார்த்துத் தமிழில் வாசிக்கத் தொடங்கினார். மாமா, பிள்ளை பிறந்திருக்கு, அடுத்த கிழமை ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள், நீங்கள் கட்டாயம் வரவேணும் என்று. முப்பத்தோராம் என்பதில் நாக்கு இடறியது. இடறும்போதெல்லாம் திரும்ப மாமா என்பதிலிருந்து தொடங்கினார். நாலாம் தரம்தான் சரியாக வந்தது.

என் கை தாழ்ப்பாளில் இருந்தது, பிள்ளை. நான் திறக்கவில்லை.

அவர் இறங்கிப் போய்ப் பெட்டியை ஞானம்மாவிடம் கொடுத்திருக்கிறார். ஞானம்மா கொண்டுவந்து மேசையில் வைத்துத் திறந்தார். சிவப்புச் சாயம் ஏற்றிய அவித்த முட்டை, ஆறு. பிள்ளை பிறந்தால் அவர்கள் அப்படிக் கொடுப்பார்களாம். மாதம் நிறையும்போது, எங்கள் முப்பத்தொன்றைப் போல, அவர்களுக்கும் விருந்தாம். நான் படித்த புத்தகம் ஒன்றிலும் இது இல்லை. நான் வீட்டில் இருந்தது ஞானம்மாவுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. சீனாக்காரன் கப்பலில் வந்தால் அகராதி வைத்துப் படிப்பியள், மூன்று மாடி ஏறி வந்தால் கதவு திறக்க மாட்டியளோ அண்ணை என்று கேட்டார். நான் ஒரு முட்டையை எடுத்து உரித்தேன்.

மூன்று நாளாக யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். மாமனாருக்கு எழுதியதை அனுப்பப் போவதில்லை. அதில் உள்ள நியாயம் சரிதான், ஆனாலும் அனுப்பப் போவதில்லை.

பிள்ளை பெற்ற உடம்புக்கு மிளகும் மஞ்சளும் சீரகமும் சேர்த்த காயத்தூள் வேண்டும். அம்மா இல்லாததால் ஞானம்மாவிடம் கேட்டு இடித்து வைத்திருக்கிறேன். குளிர் தண்ணீரில் கை வைக்காதே. குழந்தையின் தலையை மூடி வை.

இந்தக் கடிதத்தைத் துஷ்யந்தனிடம் கொடுத்துவிடுகிறேன். உன் விலாசத்தை அவனிடம் கேட்கவில்லை. நீ தந்தால் வாங்குவேன்.

உனக்கும் மருமகனுக்கும், பெயர் தெரியாத என் பேரப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த வாழ்வும் கிடைக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, நீ இருக்கும் ஊரான கார்ஜ் ரயில் நிலையத்தில் இறங்கி வாசலில் நிற்பேன். ஒருவரும் வந்துதான் ஆகவேண்டும் என்று இல்லை. மழையென்றால் குழந்தையை வெளியே கொண்டுவரவே கூடாது. ஒரு மணிவரை நிற்பேன். பிறகும் கொஞ்சம் நிற்பேன்.

அப்பா
வாமதேவன்